பிட்லாக்கர் போடுங்க, ஆனா அந்த 48 நம்பர் எங்க இருக்கும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கேள்வி: ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சீனியர் அசிஸ்டென்டா இருக்கேன் சார். படிச்சது பி.காம், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்ங்கிறதால சிஸ்டம் பொறுப்பும் என் தலையிலதான். ஒரே ஒரு டவர் சர்வர், விண்டோஸ் சர்வர் 2019. அதுவேதான் டொமைன் கன்ட்ரோலர் (எல்லாரோட லாகினையும் பார்த்துக்கிறது), அதுவேதான் ஃபைல் சர்வர். டேலி டேட்டா, கிளையன்ட்ஸோட பான், ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே டி டிரைவ்ல. மூணு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5. போன மாசம் ஒரு டிஸ்க் போயிடுச்சு, வாரன்டியில மாத்திக் குடுத்த இன்ஜினியர் பழைய டிஸ்க்கை எடுத்துட்டுப் போயிட்டார். கேட்டா "ரெய்டு 5ல ஒத்த டிஸ்க்கை வெச்சு ஒண்ணும் படிக்க முடியாது மேடம்"னார். ஆடிட்டர் சாருக்கு மனசு கேக்கல. அவரோட ஃப்ரெண்டு ஒருத்தர் "விண்டோஸ்லயே டிரைவைப் பூட்டற பிட்லாக்கர் இருக்கு, ஃப்ரீ, ஆன் பண்ணா போதும், ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற ரான்சம்வேர் கூட வராது"ன்னு சொல்லியிருக்கார். நான் கன்ட்ரோல் பேனல்ல தேடிப் பார்த்தா அப்படி ஒண்ணையே காணோம். எப்படி ஆன் பண்றது, சர்வர் ஸ்லோ ஆகுமா, ஏதாவது ஆச்சுன்னா டேட்டா மொத்தமும் போயிடுமா? ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி என்கிரிப்ட் பண்ணா போதாதா?

பதில்:

வணக்கம் மேடம். மொதல்ல அந்த இன்ஜினியர் சொன்ன விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நிறைய ஆபீஸ்ல இதையே நம்பிக்கிட்டு இருக்காங்க. ரெய்டு 5ல டேட்டாவைத் துண்டு துண்டாப் பிரிச்சு மூணு டிஸ்க்லயும் மாத்தி மாத்தி எழுதுவாங்க, அது சரிதான், ஆனா அந்தத் துண்டு ஒண்ணும் ஓரெழுத்து ரெண்டெழுத்து சைஸ் இல்ல. ரெய்டு கன்ட்ரோலரைப் பொறுத்து 64 கேபி, 256 கேபின்னு இருக்கும். ஒரு பான் கார்டோட ஸ்கேன் காப்பி எவ்வளவு இருக்கும்? நூறு கேபி, நூத்தம்பது கேபி. 256 கேபி துண்டுன்னா அது ஒரே டிஸ்க்ல முழுசா உக்காந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூணு டிஸ்க் ரெய்டு 5ல ஒவ்வொரு டிஸ்க்லயும் மூணுல ரெண்டு பங்கு நேரடி டேட்டாதான், மீதி ஒரு பங்குதான் பேரிட்டி, அதாவது ஒரு டிஸ்க் போனா அதுல இருந்ததைக் கணக்குப் போட்டுத் திரும்ப எடுக்க உதவற தகவல். டேலி ஃபைல் மாதிரி பெருசா இருக்கிறதை முழுசா எடுக்க முடியாது, ஆனா சின்னச் சின்ன ஸ்கேன், எக்செல் ஷீட், நோட்பேட்ல எழுதி வெச்ச இன்கம் டாக்ஸ் போர்ட்டல் பாஸ்வேர்டு (இருக்கும், எல்லா ஆடிட்டர் ஆபீஸ்லயும் இருக்கும்) இதெல்லாம் ரெக்கவரி சாஃப்ட்வேர்ல ஒத்த டிஸ்க்லேர்ந்தே வெளிய வரும். "ஃபெயில்" ஆன டிஸ்க்னு கன்ட்ரோலர் தூக்கிப் போட்டாலும் பல நேரம் அதுல முக்கால்வாசி படிக்கிற நிலமையிலதான் இருக்கும்.

போன டிஸ்க் போனதுதான். அடுத்த தடவைக்கு ஒண்ணு செய்யலாம், வாரன்டி புதுப்பிக்கிறப்போ பழுதான டிஸ்க்கை நீங்களே வெச்சுக்கிற ஆப்ஷனைக் கேட்டு வாங்குங்க. டெல்லுல கீப் யுவர் ஹார்ட் டிரைவ்னு சொல்வாங்க, ஹெச்பிஇல டிஃபெக்டிவ் மீடியா ரிடென்ஷன், லெனோவோலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. கொஞ்சம் காசு கூட ஆகும், கேட்காம யாரும் சொல்லவும் மாட்டாங்க.

சரி, பிட்லாக்கர். உங்க ஆடிட்டர் சார் கவலைக்கு இது சரியான மருந்துதான். ரெய்டு கன்ட்ரோலருக்கு மேல, விண்டோஸ் மட்டத்துல டிரைவ் முழுசையும் என்கிரிப்ட் பண்றதால கீழ இருக்கிற மூணு டிஸ்க்லயும் விழறது வெறும் குப்பை மாதிரிதான் தெரியும், எந்த டிஸ்க்கை யார் எடுத்துட்டுப் போனாலும் சாவி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இது எதுக்கு உதவும் எதுக்கு உதவாதுன்னு தெளிவாத் தெரிஞ்சுக்கணும், ஏன்னா அந்த ஃப்ரெண்டு சொன்னதுல பாதி தப்பு.

பிட்லாக்கர் வேலை செய்யறது டிஸ்க் தூங்கும்போதுதான். சர்வர் ஆன் ஆகி விண்டோஸ் வந்துட்டா டிரைவ் திறந்தாச்சு, அதுக்கப்புறம் ஷேர் ஃபோல்டர்ல உள்ள வர்றவங்க எல்லாருக்கும் ஃபைல் சாதாரணமாத்தான் தெரியும், உங்களுக்கும் தெரியும், உங்க ஸ்டாஃப் ஒருத்தர் மெயில்ல வந்த போலி இன்வாய்ஸைத் திறந்து அதுலேர்ந்து உள்ள வந்த ரான்சம்வேருக்கும் தெரியும். அது வந்து ஏற்கனவே பூட்டின டிரைவ் மேல தன் பூட்டையும் போட்டுட்டுப் போயிடும், பிட்லாக்கர் ஒரு வார்த்தை கேக்காது. இன்னும் சொல்லப் போனா பிட்லாக்கரையே ஆயுதமா எடுத்துக்கிற ரான்சம்வேர் கும்பலும் இருக்கு, 2024 மே மாசம் காஸ்பர்ஸ்கி ஆளுங்க ஷ்ரிங்க்லாக்கர்னு ஒண்ணைப் பத்தி எழுதினாங்க, அது சொந்தமா எந்த என்கிரிப்ஷனும் கொண்டு வர்றதில்ல, விண்டோஸ்லயே இருக்கிற பிட்லாக்கரை ஆன் பண்ணி, உங்க சாவி வழியையெல்லாம் அழிச்சுட்டு, தன் சாவியை மட்டும் தூக்கிட்டுப் போயிடும். ரான்சம்வேருக்கு மருந்து சர்வர்லேர்ந்து பிரிச்சு வெச்ச பேக்கப்தான், வேற கதை பேசாதீங்கன்னு சாரோட ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க.

இப்போ கன்ட்ரோல் பேனல்ல ஏன் காணோம்னா, விண்டோஸ் 10, 11 ப்ரோல பிட்லாக்கர் கூடவே வந்துடும், சர்வர் எடிஷன்ல அது ஒரு ஃபீச்சர், நாமதான் இன்ஸ்டால் பண்ணணும். சர்வர் மேனேஜர் திறந்து, மேனேஜ் மெனுல ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போய் ஃபீச்சர்ஸ் பக்கத்துல பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன்கிறதை டிக் பண்ணுங்க. ஒரு ரீஸ்டார்ட் கேக்கும். அதுக்கப்புறம் கன்ட்ரோல் பேனல்ல வந்து நிக்கும். காசு தனியாக் கிடையாது, சர்வர் லைசென்ஸ்லயே அடக்கம்.

ஆனா இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு டிபிஎம் சிப். சாவியைப் பத்திரமா வெச்சிருந்து, பூட் ஆகறப்போ பயாஸ், பூட் லோடர் எல்லாம் நேத்து இருந்த மாதிரியே இருக்கான்னு சரிபார்த்து, சரியா இருந்தாத்தான் சாவியைத் தர்ற சிப் அது. ரன் பாக்ஸ்ல டிபிஎம்.எம்எஸ்சின்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு விண்டோ வரும், யூஸ் பண்ண ரெடின்னு சொன்னா நல்லது. காணோம்னு சொன்னா பயாஸ்ல ஆஃப்ல இருக்கலாம், இல்ல சிப்பே இல்லாம இருக்கலாம், 2019 சமயத்துல வித்த நிறைய டவர் சர்வர்ல டிபிஎம் தனி மாட்யூல்தான், மதர்போர்டுல சொருகற சின்ன கார்டு, கொட்டேஷன்ல விலை குறைக்கிறதுக்காக அதை எடுத்துட்டு வித்திருப்பாங்க. உங்க மாடலுக்கான மாட்யூலை வாங்கிப் போட்டுக்கலாம். டிபிஎம் இல்லாமலும் பிட்லாக்கர் ஓடும், குரூப் பாலிசில (விண்டோஸுக்கு விதி போடற இடம்) ஒரு அனுமதி குடுத்துட்டு யூஎஸ்பி டிரைவ்ல சாவி வெச்சு பூட் பண்ணலாம், ஆனா நடைமுறைல என்ன ஆகும், அந்த யூஎஸ்பி வருஷம் பூரா சர்வர் பின்னாடியே சொருகிக் கிடக்கும், திருடறவன் சாவியோட சேர்த்துத் தூக்கிட்டுப் போவான். அதனால அந்த வழி வேண்டாம்.

ரெண்டாவது, எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டி பயாஸ் மோட்ங்கிற வரியைப் பாருங்க. யூஇஎஃப்ஐன்னு இருக்கணும். லெகசின்னு இருந்தா டிபிஎம் 2.0 சரியா வேலை செய்யாது, அப்படி இருந்தா நீங்களாத் தொடாதீங்க, சர்வர் குடுத்த வெண்டரைக் கூப்பிடுங்க. மூணாவது, உங்க ரெய்டு தனி கன்ட்ரோலர் கார்டு பண்ணினதா, இல்ல விண்டோஸ்லயே பண்ணினதான்னு பாருங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிஸ்க் பக்கத்துல டைனமிக்னு போட்டிருந்தா அது விண்டோஸ் பண்ணின சாஃப்ட்வேர் ரெய்டு, அது மேல பிட்லாக்கர் போட முடியாது. பேசிக்னு இருந்து டிஸ்க் ஒண்ணே ஒண்ணு மாதிரி தெரிஞ்சா கார்டுதான், பிரச்சனை இல்ல.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். பிட்லாக்கர் போட்டதும் ரெக்கவரி கீன்னு ஒண்ணு தரும், 48 இலக்கம், ஆறு ஆறா எட்டுக் குரூப்பு. டிபிஎம் ஏதோ மாறியிருக்குன்னு சந்தேகப்பட்டா, பயாஸ் அப்டேட்டோ, மதர்போர்டு மாத்தினதோ, செக்யூர் பூட் செட்டிங்ஸ் மாறினதோ எதுவா இருந்தாலும், சாவியைத் தராம நீலக் கலர் ஸ்கிரீன்ல நின்னுக்கிட்டு இந்த 48 நம்பரைக் கேக்கும். குடுத்தா உள்ள விடும். இல்லேன்னா மைக்ரோசாஃப்ட்டே வந்தாலும் திறக்காது, பின்வாசல்னு ஒண்ணு கிடையாது. "ஏதாவது ஆச்சுன்னா டேட்டா போயிடுமா"ன்னு கேட்டீங்களே, பதில் இதுதான்: இந்த நம்பரும் பேக்கப்பும் இருந்தாப் போகாது, ரெண்டும் இல்லேன்னா போயிடும்.

இது எப்பவோ நடக்கிறதுதானேன்னு விட்ராதீங்க. 2024 ஜூலைல மைக்ரோசாஃப்ட்டோட மாதாந்திர அப்டேட் போட்ட சில மெஷின்லாம், அதுல சர்வரும் அடக்கம், ஒண்ணும் மாத்தாமலே ரெக்கவரி ஸ்கிரீன்ல போய் நின்னுச்சு, அதை ஆகஸ்ட்லதான் சரி பண்ணாங்க. அதே ஜூலை 19ஆம் தேதிதான் கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட தப்பான அப்டேட்ல உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துச்சு. அதுக்குத் தீர்வு ரொம்ப சுலபம், சேஃப் மோட்ல போய் ஒரு ஃபைலை டெலிட் பண்ணணும் அவ்ளோதான், ஆனா பிட்லாக்கர் போட்டிருந்த மெஷின்ல சேஃப் மோட் போகவே இந்த 48 நம்பர் வேணும், கைல இருந்தவங்க அன்னைக்கே எந்திரிச்சாங்க, இல்லாதவங்க தேடித் தேடி நாளைக் கழிச்சாங்க.

உங்க ஆபீஸ்ல ஒரு தனிச் சிக்கல் இருக்கு. நெட்ல படிச்சீங்கன்னா, ஆக்டிவ் டைரக்டரில (டொமைன் கன்ட்ரோலர்ல இருக்கிற யூசர், கம்ப்யூட்டர் பதிவேடு) ரெக்கவரி கீயை ஆட்டோமேட்டிக்கா சேமிக்கச் சொல்லி குரூப் பாலிசி போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. நல்ல அறிவுரைதான், டொமைன் கன்ட்ரோலர் ரெண்டு மூணு இருக்கிற கம்பெனிக்கு. உங்களுக்கு டொமைன் கன்ட்ரோலரே அந்த ஒரு சர்வர்தான். சர்வர் பூட் ஆகாம சாவி கேட்டு நிக்கும், சாவி எங்க இருக்கு, அந்த சர்வருக்குள்ள இருக்கிற ஆக்டிவ் டைரக்டரில இருக்கு. பீரோ சாவியை பீரோவுக்குள்ளயே வெச்சுப் பூட்டின கதைதான். பாலிசி போடுங்க, வேண்டாம்னு சொல்லல, ஸ்டாஃப் லேப்டாப்புக்கெல்லாம் அது ரொம்ப உபயோகம், ஆனா சர்வரோட சொந்தச் சாவிக்கு அதை நம்பக் கூடாது.

அப்போ எங்க வைக்கிறது? பிட்லாக்கர் ஆன் பண்றப்போ சாவியை ஃபைலா சேவ் பண்ணவா, பிரின்ட் எடுக்கவான்னு கேக்கும். ரெண்டையும் பண்ணுங்க. ஃபைலை ஒரு பென்டிரைவ்ல சேவ் பண்ணுங்க, அந்த பென்டிரைவ் சர்வர் பக்கமே இருக்கக் கூடாது. பிரின்ட் ரெண்டு காப்பி, ஒண்ணு ஆடிட்டர் சார் வீட்டு பீரோல, இன்னொண்ணு பேங்க் லாக்கர்ல. பிரின்ட்ல மேல ஐடென்டிஃபையர்னு எழுத்தும் நம்பரும் கலந்த ஒரு நீளமான வரிசை இருக்கும், கீழ ரெக்கவரி கீ இருக்கும். ரெக்கவரி ஸ்கிரீன்லயும் ஒரு கீ ஐடி காட்டும், அதோட முதல் எட்டு எழுத்தை இந்த ஐடென்டிஃபையரோட ஒத்துப் பார்த்தாத்தான் எந்தத் தாள் எந்த டிரைவுக்குன்னு தெரியும், ஏன்னா சிக்கு ஒரு சாவி, டிக்கு வேற சாவி. தாள்லயே பேனாவால "சர்வர் சி", "சர்வர் டி", தேதின்னு எழுதிடுங்க.

கையால நோட்ல எழுதி வைக்கிறதா இருந்தா ஒரு வசதி இருக்கு. அந்த எட்டுக் குரூப்ல ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11ஆல மீதியில்லாம வகுபடும், அப்படித்தான் அதை உருவாக்கியிருக்காங்க. உதாரணத்துக்கு 110253, பதினொண்ணால வகுத்தா சரியா 10023. நீங்க எழுதினதுல ஒரு நம்பர் தப்பா விழுந்திருந்தா வகுக்கும்போது மீதி வந்து காட்டிக் குடுத்துடும். கால்குலேட்டர் எப்பவும் டேபிள் மேல இருக்கிற ஆபீஸ் உங்களோடது, எட்டு வகுத்தல் ஒரு நிமிஷ வேலை. சர்வருக்கு முன்னாடி ஒருத்தர் நின்னு டைப் பண்ண, இன்னொருத்தர் ஃபோன்ல நம்பரைப் படிக்கிறப்போவும் இதே கணக்குத்தான் காப்பாத்தும், ஒரு குரூப் தப்பா அடிச்சா அந்த இடத்துலயே சொல்லிடும், 48ஐயும் அடிச்சு முடிச்சுட்டு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

வைக்கக் கூடாத இடம்: அதே சர்வரோட ஷேர் ஃபோல்டர், ஆபீஸ் வாட்ஸப் குரூப்பு, அப்புறம் சர்வர் கேபினெட் மேல ஸ்டிக்கர். சிரிக்காதீங்க, ஸ்டிக்கரை நான் பார்த்திருக்கேன், லேமினேஷன் கூடப் பண்ணியிருந்தாங்க.

இனி ஆன் பண்ற வரிசை. அன்னைக்குக் காலைல முழு பேக்கப் எடுங்க, எடுத்ததோட நிக்காம அதுலேர்ந்து நாலு ஃபைலையும் ஒரு டேலி கம்பெனியையும் வேற ஒரு மெஷின்ல ரீஸ்டோர் பண்ணித் திறந்து பாருங்க. அப்புறம் முதல்ல சி டிரைவ். டேட்டா எல்லாம் டில இருக்கு, சி எதுக்குன்னு தோணும். டியை மட்டும் பூட்டினா சர்வர் ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் ஆகும்போதும் யாராவது உக்காந்து பாஸ்வேர்டு குடுத்துத் திறக்கணும். ஆட்டோ அன்லாக்னு ஒரு வசதி இருக்கு, டிக்கான சாவியை சிக்குள்ள ஒளிச்சு வெச்சு அதுவாத் திறந்துக்கும், ஆனா சியும் பிட்லாக்கர்ல இருந்தாத்தான் அது வேலை செய்யும். தவிர டொமைன் கன்ட்ரோலரோட டேட்டாபேஸ், அதாவது எல்லா ஸ்டாஃபோட பாஸ்வேர்டு ஹாஷும் (பாஸ்வேர்டை உருமாத்தி வெச்சிருக்கிற வடிவம்), வழக்கமா சி டிரைவ்லதான் உக்காந்திருக்கும், டிஸ்க்கைத் திருடினவனுக்கு அதுவும் சும்மா கிடைக்கக் கூடாது.

சிக்கு ஆன் பண்றப்போ சிஸ்டம் செக் ஓட்டவான்னு கேக்கும், கண்டிப்பா ஓட்டுங்க, ஒரு ரீஸ்டார்ட் போய், டிபிஎம்லேர்ந்து சாவியைப் படிக்க முடியுதான்னு பார்த்துட்டுத்தான் என்கிரிப்ஷனையே ஆரம்பிக்கும். யூஸ்டு ஸ்பேஸ் மட்டுமா, முழு டிரைவுமான்னு ஒரு கேள்வி வரும். யூஸ்டு ஸ்பேஸ் சீக்கிரம் முடியும், ஆனா அது புது டிஸ்க்குக்கு. உங்க டில பல வருஷமா எழுதி அழிச்ச ஃபைலெல்லாம் காலி இடம்னு காட்டுற பகுதியில அப்படியே கிடக்கும், அதை விட்டுட்டு மத்ததைப் பூட்டி என்ன பிரயோஜனம், முழு டிரைவையும் தேர்ந்தெடுங்க. என்கிரிப்ஷன் மோட் கேட்டா புது மோட், அதாவது எக்ஸ்டிஎஸ், போதும். 128 பிட்டா 256 பிட்டான்னு யோசிச்சுக் குழம்ப வேண்டாம், 128ஐ உடைக்கிற ஆள் உங்க டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இல்ல.

பின் நம்பர் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும். டிபிஎம்மோட சேர்த்து பூட் ஆகும்போது ஒரு பின்னும் கேக்கற மாதிரி வைக்கலாம், பாதுகாப்பு கூடும். டிபிஎம் மட்டும் வெச்சா, யாராவது சர்வரை முழுசாத் தூக்கிட்டுப் போனா அவங்க வீட்டுலயும் அது சமத்தா பூட் ஆகி லாகின் ஸ்கிரீன் வரைக்கும் வந்துடும், அதுக்கப்புறம் அட்மின் பாஸ்வேர்டுதான் காவல். டிபிஎம் சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவுல ஓடற கம்பியில ஒட்டுக் கேட்டு சாவியை எடுக்கறதையும் செஞ்சு காட்டியிருக்காங்க. இதெல்லாம் உண்மை. இருந்தாலும் உங்களுக்கு நான் பின் வேண்டாம்னுதான் சொல்வேன். ராத்திரி கரன்ட் போய், யூபிஎஸ் தீர்ந்து, விடியக்காலை கரன்ட் வந்ததும் சர்வர் தானா ஆன் ஆகி பின் கேட்டு நின்னா, காலைல ஒன்பது மணிக்கு வர்ற ஸ்டாஃபுக்கு டேலி திறக்காது, நாலு நாள் இப்படி ஆனா பின் நம்பர் ஆபீஸ் பூரா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அப்புறம் அது பின்னே இல்ல. நெட்வொர்க் அன்லாக்னு ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள இருந்தா பின் கேக்காத ஏற்பாடும் இருக்கு, அதுக்கு இன்னொரு சர்வர் வேணும், உங்ககிட்ட இல்ல. அதனால டிபிஎம் மட்டும் போதும், அட்மின் பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும், சர்வர் ரிசப்ஷன் மாதிரி திறந்த இடத்துல இருந்தா எடுத்துப் பூட்டுப் போட்ட ரூம்ல வைங்க.

ஸ்லோ ஆகுமான்னா, நீங்க கவனிக்கிற அளவுக்கு ஆகாது. 2010லேர்ந்தே இன்டெல் பிராசஸர்ல ஏஇஎஸ் (பிட்லாக்கர் பூட்டற முறை) கணக்குப் போடறதுக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் வந்துடுச்சு, உங்க சர்வர்ல இருக்கும். முதல் தடவை முழு டிரைவையும் என்கிரிப்ட் பண்ற அந்த நேரம்தான் டிஸ்க் திணறும். 4 டிபி சுத்துற டிஸ்க்னா ஒரு நாள் பூரா ஓடலாம், கூடவும் ஆகலாம், நடுவுல கரன்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும், அவசர வேலைன்னா கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுக்கலாம்.

இதுக்கப்புறம் ஒரு பழக்கத்தை மட்டும் ஆபீஸ்ல கொண்டு வரணும். வெண்டர் ஆள் வந்து பயாஸ் அப்டேட், ஃபர்ம்வேர் அப்டேட்னு கைவைக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க. சஸ்பெண்ட்னா டிக்ரிப்ட் இல்ல, டேட்டா பூட்டினபடியேதான் இருக்கும், சாவியை மட்டும் தற்காலிகமா வெளிய வெச்சிருக்கும். சாதாரணமா ஒரு ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் தானா மறுபடி ஆன் ஆயிடும், ஃபர்ம்வேர் வேலை ரெண்டு மூணு தடவை ரீஸ்டார்ட் கேக்கும்னா பவர்ஷெல்லுல சஸ்பெண்ட் பண்ணும்போதே ரீபூட் கவுன்ட் இத்தனைன்னு சொல்லிடலாம். மாசாமாசம் வர்ற சாதாரண விண்டோஸ் அப்டேட்டுக்கு சஸ்பெண்ட் தேவையில்ல. வேலை முடிஞ்சதும் மறுபடி ஆன் ஆச்சான்னு பாருங்க, சஸ்பெண்ட்லயே விட்டுட்டு மறந்துட்டா பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ரைட் கிளிக் என்கிரிப்ஷன் பத்திக் கேட்டீங்க. அது இஎஃப்எஸ், விண்டோஸ் 2000 காலத்துலேர்ந்து இருக்கு. அது ஃபைலை ஒரு யூசரோட சர்ட்டிஃபிகேட்டோட கட்டிப் போட்டுடும். ஒரு ஸ்டாஃப் தெரியாத்தனமா டிக் பண்ணிட்டு வேலையை விட்டுப் போய், அவர் புரொஃபைலையும் நீங்க டெலிட் பண்ணிட்டீங்கன்னா, ரெக்கவரி ஏஜென்ட் முன்னாடியே ஒழுங்கா வெச்சிருந்தாத் தவிர அந்த ஃபைல் போச்சு. பல பேர் சேர்ந்து தொடற ஆபீஸ் ஃபோல்டருக்கு இது ஒத்தே வராது. பச்சைக் கலர்ல ஃபைல் பேர் எங்கயாவது தெரிஞ்சா யார் பண்ணாங்கன்னு விசாரிச்சு எடுத்துவிடுங்க.

நீங்க கேக்காத ரெண்டு விஷயம். பேக்கப் டிஸ்க். தினமும் சாயங்காலம் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி யாராவது பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்கன்னு நினைக்கிறேன், பெரும்பாலான ஆபீஸ்ல அப்படித்தான். டிலேர்ந்து காப்பி ஆகும்போது ஃபைல் பூட்டு இல்லாமத்தான் வெளிய வரும், சர்வரை இவ்ளோ பாடுபட்டுப் பூட்டிட்டு மொத்த டேட்டாவையும் திறந்த டிஸ்க்ல பஸ்ல எடுத்துட்டுப் போறதுல அர்த்தமே இல்ல, திருடனுக்கு சர்வரைவிட அதுதான் சுலபம். அந்த யூஎஸ்பி டிஸ்க்குக்கும் பிட்லாக்கர் போடுங்க, ஒரு பாஸ்வேர்டு வெச்சாப் போதும், சர்வர்ல அதுக்கும் ஆட்டோ அன்லாக் குடுத்துக்கலாம், வீட்டுல விண்டோஸ் ஹோம் எடிஷன் இருந்தாலும் பாஸ்வேர்டு குடுத்துத் திறந்து படிக்க முடியும். அதே மாதிரி கிளையன்ட் இடத்துக்கு ஆடிட்டுக்குத் தூக்கிட்டுப் போற லேப்டாப்பும். உண்மையச் சொன்னா தொலையறது அதுதான், சர்வர் இல்ல.

இன்னொண்ணு, சர்வருக்கும் ஸ்டாஃப் மெஷினுக்கும் நடுவுல நெட்வொர்க்ல ஓடற டேட்டா. அதை பிட்லாக்கர் தொடவே தொடாது. அதுக்கு எஸ்எம்பி (விண்டோஸ் ஷேர் ஃபோல்டர் பேசற முறை) என்கிரிப்ஷன்னு சர்வர் 2012லேர்ந்தே தனியா இருக்கு, சர்வர் மேனேஜர்ல ஷேரோட ப்ராப்பர்ட்டீஸ்ல என்கிரிப்ட் டேட்டா ஆக்சஸ்னு ஒரு டிக் அவ்ளோதான். ஆனா அதை எல்லா ஷேருக்கும் ஒரேயடியாப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. விண்டோஸ் 7 மெஷின் எதாவது மூலையில இன்னும் ஓடிட்டிருந்தா அதுக்கு அந்த ஷேர் திறக்காது, அதைவிட முக்கியமா ஸ்கேன் பண்ணினா நேரா ஃபோல்டர்ல விழற அந்த ஜெராக்ஸ் மெஷின், அது கொஞ்சம் பழசுன்னா அன்னையோட ஸ்கேன் நின்னுடும், காரணமே புரியாம மெஷின் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க. ஸ்கேனுக்குத் தனி ஷேர் வெச்சு அதை மட்டும் விட்டுட்டு மத்ததுக்குப் போடுங்க, டேலி இருக்கிற ஷேரை ஒரு நாள் சோதனை பண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, டேலி ஷேர்ல நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை எட்டிப் பார்க்கிற ஜாதி.

டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துடுச்சு, அதுல நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம டேட்டா கசிஞ்சா 250 கோடி வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு. சட்டப் பிரிவெல்லாம் சாருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா பேக்கப் டிஸ்க்குக்கும் டிபிஎம் மாட்யூலுக்கும் பட்ஜெட் கேக்கறப்போ இந்த நம்பரை ஞாபகப்படுத்துங்க, சீக்கிரம் கையெழுத்து விழும்.

எப்போ பண்றதுன்னா, செப்டம்பர், அக்டோபர்ல டாக்ஸ் ஆடிட் கூட்டத்துக்கு நடுவுல தொடவே தொடாதீங்க, ஜூலை கடைசியும் வேண்டாம், ஜிஎஸ்டி 11, 20ஆம் தேதிகளை ஒட்டியும் வேண்டாம். நவம்பர்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு ஆரம்பிங்க. சி முடிஞ்சதும் டியை விடுங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல மேனேஜ்-பிடிஇ கமாண்டை ஸ்டேட்டஸோட ஓட்டிப் பாருங்க, ரெண்டு டிரைவுக்கும் நூறு சதவீதம்னும் ப்ரொடெக்ஷன் ஆன்னும் வரணும். அதுக்கப்புறம் ஒரு தடவை சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி டி தானாத் திறக்குதான்னு பாருங்க. கடைசியா பேக்கப் டிஸ்க்குக்குன்னு எடுத்த ரெக்கவரி கீ பிரின்ட் தாளைக் கைல வெச்சுக்கிட்டு, பேக்கப் யூஎஸ்பி டிஸ்க்கை வேற ஒரு மெஷின்ல சொருகி, பாஸ்வேர்டு குடுக்காம ரெக்கவரி கீயைக் குடுத்துத் திறந்து பாருங்க, ஆடிட்டர் சாரையே டைப் பண்ணச் சொல்லுங்க, என்னைக்காவது நீங்க லீவுல இருக்கிறப்போ சர்வர் கேட்டா டைப் பண்ணப் போறது அவர்தான்.